குவாக்கோ படிக்கும் சுவர்

சவானா
மார்ச் 4, 1866

பைனா,

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். நம்பமாட்டாய். வேறு யாரையோ பிடித்து எழுதச் சொல்லியிருக்கிறான் என்றுதான் நினைப்பாய். தப்பிப் போய் வடக்குக்காரர் பட்டாளத்தில் இருந்தபோது, சமையல் முடிந்த கையோடு எங்கள் ஆட்கள் ஒரே ஒரு புத்தகத்தைச் சுற்றி உட்கார்ந்து கற்றுக்கொண்டோம். தாடி நரைத்தவர்கள் எல்லாம் எழுத்துக்களைக் கத்திக் கத்திச் சொன்னதைக் கேட்டிருந்தால் நீ வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய்.

நம் தீவிலிருந்து சிப்பி விற்க வந்த டைட்டஸை இங்கே துறையில் பார்த்தேன். "உன் பெண்டாட்டி அதே குடிசையிலதான் இருக்கா. நல்லாத்தான் இருக்கா. நாக்கு மட்டும் முன்னைக்கு இப்போ இன்னும் நீளம்" என்றான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

நம்மை அடிமையாக வைத்திருந்த பழைய துரை திரும்பி வந்துவிட்டான், நமக்கென்று பிரித்துக் கொடுத்த நிலத்தை அரசாங்கம் அவனுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது என்றும் சொன்னான். அப்படியானால் அங்கே உனக்கு இன்னும் என்ன இருக்கிறது? நான் துறையில் பருத்தி மூட்டை ஏற்றுகிறேன். ஆற்றுக்குப் பின்னால் ஓர் அறை பிடித்திருக்கிறேன். கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, அதுவும் உள்பக்கம். கிளம்பி வா.

சண்டை முடிந்தும் ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்பாய். அந்த முற்றத்தில் என்னால் கால் வைக்க முடியாது. ஏன் என்பது உனக்குத் தெரியும். அதற்கு மேல் எழுதக் கை ஓடவில்லை.

உன் மிங்கோ


டன்மோர் தீவு
மார்ச் 25, 1866

அன்புள்ள மிங்கோவுக்கு,

இதை எழுதித் தருபவர் இங்குள்ள பள்ளிக்கூடத்து மிஸ் விட்கம். வடக்கிலிருந்து வந்தவர். நான் சொல்வதை ஒன்று விடாமல் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

நீ உயிரோடு இருப்பது அறிந்து ஆண்டவருக்கு நன்றி. நான் முதலில் சொன்னது இதுவல்ல, இன்னும் கொஞ்சம் சூடாகச் சொன்னேன். மிஸ் விட்கம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அதனால் ஆண்டவருக்கு நன்றி. "இதையெல்லாம் எழுதாதீங்கம்மா" என்கிறேன், அதையும் எழுதிக்கொண்டிருக்கிறார்.

நான் நலமாக இருக்கிறேன். கோழிகள் இருக்கின்றன. வெண்டைக்காய் நட்டிருக்கிறேன்.

உன் அறைக்கு நான் வர முடியாது. என் வீட்டில் ஒருவன் இருக்கிறான். அவனை விட்டு வர எனக்கு மனம் இல்லை. அவன் யார் என்பதை அடுத்தவர் கையால் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
பைனா (அவளுடைய அடையாளம்) ×


சவானா
ஏப்ரல் 15, 1866

பைனா,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். ஏதோ துரைசானி எழுதியது போல இருக்கிறது. வெண்டைக்காய் நட்டிருக்கிறாயாம். ரொம்ப சந்தோஷம்.

ஒருவன் இருக்கிறான் என்று எழுதியிருக்கிறாயே, யார் அவன்? டைட்டஸா? சிப்பி நாற்றத்தோடு வந்து என் முகத்தைப் பார்த்துச் சிரித்துப் பேசிவிட்டுப் போனானே, அவனா? நாலு வருஷம் நான் இல்லைதான். கேள்வி கேட்க எனக்கு வாய் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கையால், அவள் அழகான எழுத்தில் படிக்க வைத்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இதற்காகவா நான் எழுத்துக் கற்றேன்?

அவன் பேரை எழுது. யார் கையால் வேண்டுமானாலும் எழுது.

மிங்கோ


ஜூன் 24, 1866

மிங்கோ,

இது என் கை. பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறேன். என் முட்டி மேசையில் இடிக்கிறது. "அத்தை, பேனாவைக் கரண்டி மாதிரி புடிக்காதீங்க" என்று ஒரு வாண்டு அதட்டுகிறாள். பகலில் வயல், மாலையில் பெஞ்சு. உனக்குப் பதில் எழுதவே இவ்வளவு நாள் ஆனது. சின்னச் சின்னதாகத்தான் எழுத வரும்.

டைட்டஸ் இல்லை. உனக்கு வெட்கமாக இல்லையா?

வீட்டில் இருப்பது நம் பிள்ளை. குவாக்கோ.

நீ போன பிறகு துரையும் சனமும் சண்டைக்குப் பயந்து ஓடினார்கள். பெரிய வீட்டில் செய்தித்தாள் கட்டுக் கட்டாகக் கிடந்தது. எல்லோரும் அள்ளி வந்து கஞ்சி போட்டுச் சுவரில் ஒட்டினோம். காற்றுக்கும் ஆச்சு. ஆவிக்கும் ஆச்சு. உனக்குத் தெரிந்ததுதானே. எழுத்தைக் கண்டால் ஆவி நிற்கும். எல்லாவற்றையும் படித்தாக வேண்டும். படித்து முடிக்காமல் நம்மிடம் வராது. கங்காணி காய்ச்சலில் செத்திருந்தான். அவன் ஆவி வரும் என்று பயந்து ஒட்டினேன். ஒரு விரல் இடம் விடாமல் ஒட்டினேன்.

வந்தது நம் பிள்ளை.

விளக்கு வைக்கிற நேரத்தில் தாளில் விரல் உரசுகிற சத்தம் வரும். அவன் படிக்கும்போது விரல் வைத்துத்தான் படிப்பான், நினைவிருக்கிறதா? காலையில் பார்த்தால் தாளில் சாம்பல் கறை இருக்கும். என் இடுப்பு உயரத்தில். ஒரு வரியில் தொடங்கும். பாதியில் நிற்கும். மறுநாள் திரும்ப அதே வரி. அவனுக்குப் பாதி எழுத்துத்தானே தெரியும். தெரியாத எழுத்து வந்ததும் நின்றுவிடுகிறான்.

அவனை எப்படி விட்டு வருவேன்?

பைனா


சவானா
ஜூலை 8, 1866

பைனா,

நீ எழுதிய எழுத்தைப் பார்த்து அழுதேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். டைட்டஸைப் பற்றி எழுதியதை மறந்துவிடு. அவனுக்கு ஒரு நாள் சாராயம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். எதற்கென்று அவனுக்குத் தெரியாது.

மற்றதை எப்படி எழுதுவது? அவன் செத்து ஐந்து வருஷம் ஆகிறது. அடுப்புச் சாம்பலைத் தரையில் பரப்பி எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான், கங்காணி பார்த்துவிட்டான், அடிமைக்கு எழுத்து எதற்கென்று பூட்ஸ் காலால் சாம்பலை அழித்தான், பிறகு சவுக்கை எடுத்தான். பிள்ளை மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தான். பதினோரு வயது. நான்தான் குழி வெட்டினேன். அவன் தண்ணீர் குடித்த கோப்பையை உடைத்து மேலே வைத்ததும் நான்தான். செய்ய வேண்டிய முறை எல்லாம் செய்தோம். பின்னே ஏன் வருகிறான்?

அந்தக் கறை உன் விரல் கரிதான் பைனா. அடுப்பைத் தொட்ட கையால் சுவரைத் தொட்டிருப்பாய்.

அவன்தான் என்றே வைத்துக்கொண்டாலும், நீ செய்வது நியாயமா? பேயைத் தடுக்க ஒட்டிய தாளில் பெற்ற பிள்ளையை மாட்டி வைத்திருக்கிறாய். எழுத்துதான் அவனைக் கொன்றது, அதையே சுவர் முழுக்க ஒட்டி அவனைக் கால் கடுக்க நிற்க வைத்திருக்கிறாய். கிழித்துப் போடு. நிம்மதியாகப் போகட்டும்.

இன்னொன்றும் உண்டு. எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பட்டாளத்தில் முதல்முதலாக ஒரு முழு வரி படித்த அன்று கூடாரத்துக்கு வெளியே போய் நின்றேன். அவனிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. வெகுநேரம் நின்றேன். ஒன்றும் வரவில்லை. இந்த அறையிலும் நான் சத்தமாகத்தான் படிக்கிறேன். என்னிடம் மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறான்?

மிங்கோ


டன்மோர் தீவு
ஆகஸ்ட் 12, 1866

மிங்கோ,

என் விரல் அவ்வளவு சின்னதா? நீ பிடித்த கைதானே, உனக்குத் தெரியாதா?

கிழிக்க மாட்டேன். அவன் எழுதியதை ஒருவன் காலால் அழித்தான். அவன் படிப்பதை இன்னொரு தரம் அவன் கண் முன்னால் பிடுங்குகிற கை என் கையாக இருக்காது. ஜெபவீட்டில் சொல்வது எனக்கும் தெரியும். ஆத்துமா ஆண்டவரிடம் போய்விட்டது. அதை நான் நம்புகிறேன். ஆவி வேறு, அது இருந்த வீட்டைத்தான் சுற்றும்.

ஆனால் நீ சொன்னதில் ஒன்று குத்திவிட்டது. கால் கடுக்க நிற்கிறான் என்றாயே, அது உண்மை. அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். சுவர் முழுவதையும் நானே அவனுக்குப் படித்துக் காட்டப் போகிறேன். கதவு மூலையில் தொடங்கிவிட்டேன். நான் சத்தமாகப் படித்தால் காலையில் கறை அந்த வரியைத் தாண்டியிருக்கிறது. நிற்காமல் போயிருக்கிறது.

தெரியாத வார்த்தை வந்தால் உனக்கு எழுதுவேன், அர்த்தம் சொல். மிஸ் விட்கத்திடம் கேட்கலாம், ஆனால் "ஏன் பைனா, பைபிளை விட்டுட்டு இதைப் படிக்கிறே?" என்பார். இடுப்புக் கச்சை என்று ஒரு விளம்பரம் இருக்கிறது. துரைசானிகள் தங்களைத் தாங்களே இறுக்கிக் கட்டிக்கொள்ளக் காசு கொடுப்பார்களா? கப்பலுக்குக் காப்பீடு என்றால் என்ன? தூதர் என்றால் தேவதூதரா? அவர் ஏன் சார்ல்ஸ்டனில் ஓட்டலில் தங்குகிறார்?

உன்னிடம் ஏன் வரவில்லை என்று கேட்டாய். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது வயலிலிருந்து திரும்புகிற ஒவ்வொரு நாளும், வரப்பைத் தாண்டும் முன்னால், "குவாக்கோ, வாடா போலாம்" என்று கூப்பிடுவோமே. கூப்பிடாவிட்டால் பிள்ளையின் ஆவி பின்தங்கிவிடும் என்று. நீயும் கூப்பிட்டவன்தானே?

நீ படகேறிய அன்று அவனைக் கூப்பிட்டாயா?

பைனா


சவானா
செப்டம்பர் 9, 1866

பைனா,

கூப்பிடவில்லை.

கரை முழுக்க ரோந்துக்காரர்கள் இருந்தார்கள். சத்தம் வராமல் இருக்கத் துடுப்பில் துணி சுற்றியிருந்தோம். நான் வாயில் தொப்பியைக் கடித்துக்கொண்டு படகின் அடியில் கிடந்தேன். அப்போது அவன் ஞாபகம் வந்தது, பேரைச் சொன்னால் ஆறு பேரும் செத்திருப்போம். அதனால் சொல்லவில்லை. இத்தனை நாளாக அதை நினைத்துப் பார்க்கவும் இல்லை. உன் கடிதம் வந்த நாளிலிருந்து வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

சரி, வார்த்தைகளுக்கு வருகிறேன். கச்சை நீ நினைத்தது போலத்தான், காசு கொடுத்துத்தான் கட்டிக்கொள்கிறார்கள். காப்பீடு என்றால் கப்பல் மூழ்கினால் முதலாளிக்கு நஷ்டத்தை ஈடுகட்டுவது. கப்பலில் இருந்தவர்களுக்கு ஒன்றும் கிடையாது. தூதர் தேவதூதர் இல்லை, வேறு நாட்டு ராஜாவின் ஆள். நன்றாகச் சாப்பிடுவார்.

ஒன்றைக் கவனமாகக் கேள். அந்தத் தாள்கள் எல்லாம் சண்டைக்கு முந்தியவை. எங்காவது "விற்பனைக்கு" என்று தலைப்புப் போட்டு, பக்கத்தில் மூட்டை தூக்கிய ஆள் படம் இருக்கும். குதிரைக்கும் நிலத்துக்கும் நடுவில் இருக்கும். அதைப் படிக்காதே. தாண்டிப் போ. அவன் குழந்தை, அவனுக்கு அது வேண்டாம்.

உனக்கும் வேண்டாம்.

மிங்கோ


டன்மோர் தீவு
நவம்பர் 4, 1866

மிங்கோ,

நீ சொன்னது வந்தது. ஜன்னலுக்குக் கீழே. தாண்டத்தான் பார்த்தேன். அடுத்த விளம்பரத்துக்குப் போய் ஏதோ மருந்துத் தைலத்தைப் படித்தேன். காலையில் பார்த்தால் கறை நகரவே இல்லை. படத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. மறுநாளும் அங்கேயே. அவனுக்குத் தெரிந்துவிட்டது, அம்மா ஏமாற்றுகிறாள் என்று.

மூன்றாம் நாள் படித்தேன். "வயலுக்கு உறுதியான ஆண், வயது இருபத்தைந்து." படித்தேன். "சலவைக்காரி, நல்ல குணம்." படித்தேன். "சமையல்காரி, இரண்டு பிள்ளைகளுடன், சேர்த்தோ தனித்தனியாகவோ." தனித்தனியாகவோ என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். இதைப் படிக்கவா நாற்பது வயதில் பெஞ்சில் போய் உட்கார்ந்தோம் என்று நினைத்தேன். எழுத்தையே வெறுத்தேன் மிங்கோ.

பிறகு திரும்பப் போனேன். அவர்களுக்கு யாரும் பேர் போடவில்லை. குதிரைக்குப் பேர் போட்டிருக்கிறார்கள், அவர்களுக்கு இல்லை. நானே ஒவ்வொருவருக்கும் ஒரு பேர் வைத்து முதலிலிருந்து படித்தேன். சமையல்காரிக்கு என் தங்கை பேர். அவளையும் அப்படித்தானே கொண்டு போனார்கள். அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் பேர் வைத்தேன். காலையில் கறை தாண்டியிருந்தது.

இன்னொரு சேதி. துரையின் புது ஆள் வந்தான். "வயல் வேலை ஒப்பந்தத்துல கைநாட்டு வெக்கிறவங்க இருக்கலாம். மத்தவங்க கிறிஸ்துமசுக்குள்ள கிளம்பணும். இந்தக் குடிசையெல்லாம் பிரிச்சு பருத்திக் கொட்டகைக்குப் பலகை எடுக்கப்போறோம்" என்றான். "கைநாட்டு எதுக்கு? எனக்குக் கையெழுத்தே வரும். ஆனா போடமாட்டேன்" என்றேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. அவன் போன பிறகு விளக்கை எடுத்துப் போய்ச் சுவரைப் பார்த்தேன்.

அடுப்புப் பக்கச் சுவர் முழுக்க பாக்கி இருக்கிறது. பலகையைப் பிரித்தால் அவன் எங்கே நிற்பான்?

பைனா


சவானா
நவம்பர் 18, 1866

பைனா,

வேகமாகப் படி. வயலுக்குப் போகாவிட்டால் பரவாயில்லை, சாப்பாட்டுக்குக் காசு டைட்டஸிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவன் படகு கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம் கிளம்பும், உனக்கு இடம் சொல்லிவிட்டேன்.

அந்த விளம்பரத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுத மாட்டேன். உன் தங்கை பேரை நானும் சத்தமாகச் சொன்னேன், அவ்வளவுதான்.

கறை உன் விரல் என்று இனி சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவன்தான் என்றால், கடைசி வார்த்தை வரை படித்துக் காட்டு. முடித்தால் போய்விடுவான் என்று உனக்கும் தெரியும். அழாமல் படி. பெற்றவர்களால் அவனுக்குச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். பிறகு நீ தனியாகக் கிளம்பி வா.

மிங்கோ


டன்மோர் தீவு
டிசம்பர் 13, 1866

மிங்கோ,

அடுத்த குடிசை வரை பிரித்துவிட்டார்கள். ஆணி பிடுங்குகிற சத்தம் நாள் முழுக்கக் கேட்கிறது.

சுவரைப் படித்துவிட்டேன். அடுப்புக்குப் பக்கத்தில், தரையை ஒட்டி, ஒரே ஒரு வரி மிச்சம். முட்டி போட்டு உட்கார்ந்தேன். அதற்கு முந்தின வரி வரை படித்தேன். அப்புறம் உள்ளங்கையால் அந்த வரியை மூடிக்கொண்டேன்.

நீ சொன்னது போல முடிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். என்னால் முடியவில்லை. அவனை ஒரு தரம் அனுப்பியாகிவிட்டது. மண் போட்டு, கோப்பை உடைத்து, பாட்டுப் பாடி அனுப்பியாகிவிட்டது. இரண்டாம் தரமும் நானே, என் வாயாலேயே அனுப்ப வேண்டுமா? கோபித்துக்கொள். எனக்குக் கவலை இல்லை.

கத்தியால் அந்த ஒரு வரியை மட்டும் கீறி எடுத்தேன். பலகையோடு ஒட்டியிருந்தது, கிழியாமல் எடுக்க ஒரு மாலை முழுக்க ஆனது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பார்க்கவில்லை. துணியில் சுற்றி மார்போடு வைத்திருக்கிறேன். படிக்காத வரி இருக்கும்வரை அவன் அதன் பின்னால் வந்துதானே ஆக வேண்டும்?

நான் போகப் போகிறேன் என்று கேட்டு மிஸ் விட்கம் வந்தார். சுவரில் கீறிய இடத்தைப் பார்த்தார். "அங்கே என்ன இருந்தது பைனா?" என்றார். "இன்னும் படிக்கலைம்மா" என்றேன். சிலேட்டு ஒன்று கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை டைட்டஸின் படகில் ஏறுகிறேன். ஏறும் முன்னால் கரையில் நின்று அவனை உரக்கக் கூப்பிடுவேன். இப்போது ரோந்து இல்லை. துரைக்குக் கேட்டால் கேட்கட்டும்.

உன் அறையில் சுவர் எப்படி இருக்கிறது?

பைனா


சவானா
டிசம்பர் 19, 1866

பைனா,

இதை டைட்டஸ் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். படகேறும் முன் படித்துக்கொள்.

கோபமில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். முடித்துவிட்டேன் என்று எழுதியிருப்பாயோ என்று பயந்து, பிரிக்காமலே ஒரு நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன். போகச் சொல் என்று எழுதியவன் நான்தான். எனக்கு அப்போது அவன் வந்ததே இல்லையே, அனுப்பச் சொல்வது சுலபமாக இருந்தது.

இன்று மத்தியானம் துறையில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஆற்றின் விளிம்புக்குப் போனேன். தீவு இருக்கிற பக்கம் பார்த்து, "குவாக்கோ! வாடா போலாம்!" என்று கத்தினேன். நாலு வருஷம் கடித்துக்கொண்டிருந்த தொப்பியை அப்போதுதான் துப்பியது போல இருந்தது. இரண்டாம் தரம் கத்தும்போது வேலை நின்றுவிட்டது. "யாரைடா கூப்புடுற?" என்றான் பக்கத்தில் இருந்தவன். "என் பையனை" என்றேன். "எங்க இருக்கான்?" என்று கேட்டான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினேன்.

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். தோளில் இருந்த மூட்டையை இறக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். ஆற்றைப் பார்த்து ஒரு பெண்ணின் பேரைக் கத்தினான். இன்னொருவன் வந்தான். அப்புறம் துறையில் இருந்தவர்கள் எல்லோரும், ஆளுக்கு ஒரு பேர், சிலருக்கு நாலைந்து. மேஸ்திரி ஓடி வந்து கூச்சல் போட்டுப் பார்த்தான், பிறகு அவனும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

சுவர் எப்படி என்று கேட்டாய். வெறும் பலகைதான். கதவுக்குப் பக்கத்தில், உன் இடுப்பு உயரத்தில், ஒரு வரி ஒட்டுகிற அளவுக்கு இடம் துடைத்து வைத்திருக்கிறேன். நீ கொண்டு வருவதை அங்கே ஒட்டுவோம். அதைப் படிக்கும் முன்னால் அதற்குக் கீழே புதுத் தாள் ஒட்டிவிடுவேன், அது தீரும் முன்னால் இன்னொன்று. இந்த ஊரில் தினமும் தாள் வருகிறது. நம் ஆட்களே அச்சடிக்கிறதும் ஒன்று உண்டு, அதில் எல்லோருக்கும் பேர் இருக்கும்.

அவனுக்குத் தெரியாத பாதி எழுத்தைப் பலகையிலேயே கரியால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். என் கையெழுத்து அவ்வளவு நன்றாக இருக்காது. கிண்டல் செய்வான்.

இன்று அடுப்புச் சாம்பலை வெளியே கொட்டவில்லை. சலித்து, கதவோரம் தரையில் பரப்பி, கையால் தட்டிச் சமமாக்கி வைத்திருக்கிறேன். பார்த்து மிதிக்காமல் உள்ளே வா.

மிங்கோ